சாக மறுத்த நோரீன்

நோரீன் இருபது வருடம் நாடகங்களில் நர்சாகவும் பக்கத்து வீட்டுக்காரியாகவும் ஒற்றை வசனம் பேசித் திரிந்த நடிகை. ஐம்பது வயதில்தான் மான்செஸ்டரில் எடுத்த தொலைக்காட்சித் தொடரில் சலவைக்கடை ஐவி என்ற நிலையான வேடம் கிடைத்தது. பன்னிரண்டாம் வருடம் கதையில் ஐவியைக் கொன்றுவிடத் தொடரை எடுப்பவர்கள் முடிவெடுத்தார்கள். ஊரைவிட்டுப் போகும் பாத்திரம் திரும்பி வரலாம், செத்தது வராது.

படப்பிடிப்பில் பிணமாகப் படுத்தவளுக்கு இமை துடித்தது. அடுத்த முறை விரல்.

"ஏம்மா, செத்தவ இப்படியா நெளிவா?" என்றார் இயக்குநர் கீத்.

"நீ வேணா படுத்துப் பாரு தம்பி. இல்லேன்னா கதைய மாத்தி ஐவியை பிளாக்பூல் ஊர்ல தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடேன்."

ஏழாவது முறையும் அசைந்தாள். ஆறு மணியானால் விளக்குக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். வேறு வழியில்லாமல், ஐவியை உயிரோடு ஆம்புலன்சில் ஏற்றுவதாகக் காட்சியை மாற்றினார் கீத்.

நோரீன் எழுந்து உட்கார்ந்தாள். "எந்த ஆஸ்பத்திரி? எப்ப வீட்டுக்கு விடுவாங்க?"