பல்வலி என்று சொல்லி மறைத்த ஃபில்லர் ஊசி

இந்த ஜூன் மாதம் நானும் என் தங்கை கவிதாவும் சிங்கப்பூர் போனது, பெரியப்பா மகன் சேகர் அண்ணனின் பெண்ணுக்குக் கல்யாணம் என்பதால். வழக்கமாக எங்கே சாப்பிடலாம், எந்த நேரத்தில் கூட்டம் குறைவு என்றெல்லாம் எழுதுவேன். இந்த முறை அதற்கு மனசு வரவில்லை. போன இடத்தில் முகத்துக்கும் ஏதாவது செய்துகொண்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்காக இது. கவிதா சம்மதித்த பிறகே எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து நேரடி விமானம், நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். அண்ணன் வீடு பூன் கெங்கில், அடுக்குமாடியின் ஒன்பதாம் தளத்தில். சாங்கியிலிருந்து ரயிலில் வந்தால் ஒரு மணி நேரம் ஆகும், மூன்று வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலரை அங்கே வெள்ளி என்பார்கள்) முடிந்துவிடும். கல்யாணப் பெட்டிகளோடு வருகிறவர்கள் டாக்சி பிடியுங்கள், முப்பது வெள்ளி வரை ஆகும். பூன் கெங்கிலிருந்து லிட்டில் இந்தியா ரயிலில் இரண்டே நிறுத்தம்.

மறுநாள் காலை, பூ வாங்கப் போகிறோம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். ரயிலில் வைத்துத்தான் கவிதா விஷயத்தைச் சொன்னாள். மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் கோட்டை நிரப்ப ஃபில்லர் ஊசி போட நேரம் வாங்கியிருக்கிறாளாம். இரண்டு பக்கமும் சேர்த்து முந்நூற்று இருபது வெள்ளி. கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பிடித்த இடம். அவளுக்கு நாற்பத்தொன்று, வங்கியில் வேலை. கவுண்டரில் எதிரே உட்காருகிறவர்கள் எல்லாம் "உடம்பு சரியில்லையா மேடம்" என்று கேட்டே அவளை ஒரு வழி பண்ணியிருந்தார்கள்.

"டாக்டரா?" என்றேன்.

"டாக்டர் இல்லக்கா. ஆனா நெறைய பேருக்குப் போட்டிருக்காங்க."

வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பெயர். அதனாலேயே அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

ஜாலான் புசாரில் ஒரு பழைய கடைவீடு. கீழே இரும்புச் சாமான் கடை, மேலே அழகு நிலையம். பெயர்ப்பலகை நகப்பூச்சுக்கு மட்டும். நான் எதிரே காப்பிக்கடையில் ஒரு கோப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அது ஆறுவதற்குள் கவிதா இறங்கி வந்துவிட்டாள். இடது மூக்கோரத்தில் கொஞ்சம் வெளுத்திருந்தது. கேட்டதற்கு, "வீக்கம்தான், ஐஸ் வைக்கச் சொன்னாங்க" என்றாள். மருந்துப் பெட்டியைப் பார்த்தாயா என்று கேட்டேன். ஊசியில் மருந்தை ஏற்கெனவே ஏற்றித் தயாராக வைத்திருந்தார்களாம். 

மத்தியானமே வலி ஆரம்பித்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து மல்லிகா அண்ணி என்ன ஆச்சு என்று கேட்டார். "பல்வலி அண்ணி" என்றாள் கவிதா. நானும் தலையாட்டினேன். கல்யாண வீட்டில் இந்த விஷயம் வெளியே வந்தால் மணமேடையைவிட இவள் மூஞ்சியைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள் என்று எனக்கும் தெரியும். அண்ணி பாவம், கிராம்பு கொண்டுவந்தார், உப்புத் தண்ணீர் வைத்தார். சாயங்காலம் மருதாணிக்குச் சொந்தக்காரர்கள் வந்தபோது கவிதா முகம் பூராவும் மேக்கப்பை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளுப்பும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை.

காலையில் முகம் கழுவிவிட்டு வந்தவளை ஜன்னல் பக்கம் இழுத்து நிறுத்திப் பார்த்தேன். இடது மூக்கோரத்திலிருந்து மேலுதடு வரை வலை விரித்த மாதிரி நீலம் பாய்ந்திருந்தது. ஊசி போட்ட பெண்ணுக்குச் செய்தி அனுப்பினோம். பார்த்துவிட்டார், பதில் இல்லை. அதற்குப் பிறகு எங்கள் அழைப்பே போகவில்லை.

அதற்குள் அண்ணி தெரிந்த பல் டாக்டரிடம் நேரம் வாங்கி, டாக்சியும் வரச் சொல்லிவிட்டார். அண்ணியும் கூடவே வந்தார். கவிதா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஏறினாள். பல் டாக்டரைப் பார்த்துவிட்டு அப்படியே நழுவி வேறு எங்காவது போகலாம் என்று என் காதில் சொன்னாள். அவள் உதடு சரியாக அசையவில்லை. அதைப் பார்த்த பிறகு எனக்கு யார் மானமும் பெரிதாகத் தெரியவில்லை.

"அண்ணி, பல்லு இல்ல. நேத்து முகத்துல ஊசி போட்டுக்கிட்டா. ஏதோ தப்பாயிடுச்சு."

கவிதா என் கையில் நகத்தைப் பதித்தாள். அண்ணி துப்பட்டாவை விலக்கிப் பார்த்தார்.  ஓட்டுநரிடம், "அண்ணே, டென்டிஸ்ட் வேணாம். எமர்ஜென்சி இருக்கற ஹாஸ்பிடலுக்கு விடுங்க" என்றார்.

கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர், "ஜாம் இருக்கும்லா, வேற ரோட்ல போறேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். அந்தப் பதினைந்து நிமிடமும் கவிதா அழுதுகொண்டே இருந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் தமிழ்ப் பெண். முதலில் கேட்டது, "கண்ணு மங்கலா இருக்கா?" இல்லை என்றதும் கன்னத்தை அழுத்தி, நிறம் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்.

"என்ன ப்ராடக்ட் போட்டாங்க?"

"தெரியாது டாக்டர்."

அவர் முகம் மாறியது. ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய் அடைத்திருக்கிறது, அந்த இடத்துக்கு ரத்தம் போகவில்லை என்றார். "ஹயலுரோனிக் ஆசிட் வகைன்னா கரைக்க ஊசி இருக்கு. வேற ஏதாவதுன்னா அது கரைக்காது. போட்டுப் பாத்தாதான் தெரியும். நேத்தே வந்திருக்கணும்."

கரைக்கும் ஊசி போட்டார்கள். காத்திருந்தோம். நிறம் மாறவில்லை. மறுபடியும் போட்டார்கள். மூக்கு நுனியும் உதடும் செத்துப்போனால் இவள் எப்படித் திரும்ப ஊருக்கு வருவாள், அம்மாவிடம் என்ன சொல்வது என்று நான் என்னென்னவோ நினைத்தேன். சாப்பாட்டு நேரம் தாண்டித்தான் உதட்டில் லேசாகச் சிவப்பு ஓடியது. டாக்டர் மூச்சு விட்டதை நான் பார்த்தேன். மூக்கோரத்தில் மட்டும் தோல் கருகிவிட்டது. அங்கே தழும்பு இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணத்துக்குக் கவிதா பிளாஸ்திரியோடு வந்தாள்.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சிங்கப்பூரில் பதிவு பெற்ற டாக்டர்தான் ஃபில்லர் போடலாம், அதுவும் கிளினிக்கில். டாக்டரின் பெயரை அரசுப் பதிவேட்டில் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம், காசு செலவில்லை. மருந்துப் பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள், அதன் மேல் இருக்கும் சீட்டைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அடைப்பு ஏற்பட்டால் கரைக்கும் ஊசி இங்கேயே இருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முந்தின வாரத்திலோ நாலு நாள் பயணத்திலோ இதைச் செய்யவே வேண்டாம். கூடிக்கொண்டே போகும் வலி, வெளுப்பு, வலை மாதிரி நீலம், பார்வை மங்கல், இதில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். நம் மாநிறத்தில் வெளுப்பு சட்டென்று தெரியாது, மேக்கப் போட்டால் சுத்தமாகத் தெரியாது. வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வசந்தி, அந்த எடம், கீழ இரும்புக் கட இருக்கே, அந்த மாடியா?"

"ஆமா அண்ணி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் அங்க அட்வான்ஸ் கட்டியிருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டுக்கணும்னு இருந்தேன்லா. வீட்ல நீங்கள்லாம் இருக்கறப்ப மூஞ்சி வீங்குனா என்னன்னு சொல்றதுன்னு தெரியாம தள்ளி வெச்சேன்."