பலம் குறைந்தது நல்ல காலில்

1. குப்புறப் படுத்தவள்

ஸ்டெல்லாவுக்கு அடிபட்டது வலது காலில். ஆனால் அன்று பலம் குறைந்திருந்தது இடது காலில். பிசியோதெரபிஸ்டாக இருந்த காலம் முழுக்க எத்தனையோ பேர் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். இப்படி ஒரு பொய்யை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஸ்டெல்லா நூறு மீட்டர் ஓடுகிறவள். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அதற்குச் சில வாரங்களுக்கு முன் ப்ராக்டிஸில் வலது தொடையின் பின்பக்கம், நாங்கள் ஹேம்ஸ்ட்ரிங் என்று சொல்கிற தசை, கொஞ்சம் கிழிந்திருந்தது. வலி போய்விட்டது. வலி சீக்கிரம் போய்விடும், பலம் வரத்தான் நாளாகும். இதை ஓட்டக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் நமக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிடும்.

எங்கள் ட்ராக்கில் மெஷின் எல்லாம் கிடையாது. ஓரமாக ஒரு கட்டிலில் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, குதிகாலைப் பிடித்துக் கீழே இழுப்பேன். அவர்கள் விடாமல் எதிர்க்க வேண்டும். இரண்டு காலும் ஒரே மாதிரி எதிர்த்தால் ஓடலாம். அடிபட்ட கால் தளர்ந்தால் கூடாது.

ஸ்டெல்லாவின் இரண்டு காலும் ஒரே மாதிரிதான் எதிர்த்தன. பக்கத்தில் நின்ற கோச் நாகராஜ் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் உறுத்தியது. போன வாரம் என் கையையே தூக்கிவிட்ட இடது கால் இன்று ஏன் இவ்வளவு லேசாக இறங்குகிறது?

"என்னடி, நல்ல காலுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

முகத்தைக் கட்டில் விரிப்பில் புதைத்துக்கொண்டாள். "நானேதான் விட்டுக் குடுத்தேன் ஆன்ட்டி. ரெண்டும் ஒண்ணா இருந்தா ஓட விடுவீங்கன்னு..."

2. கடைசி வருஷம்

மறுநாள் ஸ்போர்ட்ஸ் கோட்டா ட்ரயல். தேறினால் நிரந்தர அரசாங்க வேலை. வயது வரம்பு அவளுக்கு அந்த வருஷத்தோடு முடிகிறது. தேறாவிட்டால் ஹெப்பகோடியில் அவள் அம்மா வேலை பார்க்கும் கார்மென்ட்ஸ் கம்பெனிதான்.

"சும்னே பயமுறுத்தாதீங்க மேடம்," என்றார் நாகராஜ் சார். கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், நல்ல மனுஷர்தான். "தொடையைச் சுத்தி டேப் போட்டு விடுங்க. மெல்ல ஓடட்டும்."

"நூறு மீட்டர்ல மெல்ல ஓடினா எவன் சார் வேலை குடுப்பான்?"

"சரி மேடம். அடுத்த வருஷம் இவளுக்கு யாரு ட்ரயல் வைப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

தடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை, சொல்ல மட்டும்தான் முடியும். ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்து, "ஓடாதே" என்றேன்.

"ஓடினா கிழியலாம் ஆன்ட்டி. ஓடலைன்னா கண்டிப்பா போச்சு," என்றாள்.

அவள் கணக்கில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

3. ட்ரயல்

வேகமாக ஓடும்போது கால் முன்னால் வீசிப் போகிறது. தரையைத் தொடுவதற்கு முன் அதைப் பிடித்து நிறுத்த வேண்டும். அந்த பிரேக்கைப் போடுவது ஹேம்ஸ்ட்ரிங்தான். தான் நீண்டுகொண்டிருக்கும்போதே இழுத்தும் பிடிக்க வேண்டும். பாதி ஆறிய தசை அந்த இடத்தில்தான் கைவிடும். அதுவும் முழு வேகம் வந்த பிறகு.

பாதி தூரம்வரை ஸ்டெல்லாதான் முன்னால். பிறகு பக்கத்து லேனில் ஒருத்தி சமமாக வந்தாள். ஸ்டெல்லா அவளை முந்த வழக்கத்தைவிட எட்டி ஒரு அடி வைத்தாள். சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். தசை அறுந்ததை, யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். அப்படியே விழுந்தாள்.

நான் ஓடிப் போனேன். தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தாள். அழவில்லை.

"ஆன்ட்டி, கோடு வரைக்கும் தவழ்ந்து போனா டைம் போடுவாங்களா?"

"அசையாதடி கண்ணு."

"கேட்டுச் சொல்லுங்க ஆன்ட்டி."

நாகராஜ் சார் தலையில் கைவைத்துக்கொண்டு ட்ராக்கிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஸ்கேனில் தசை எலும்பிலிருந்தே பிய்ந்து வந்திருந்தது. ஆபரேஷன் ஆயிற்று. இப்போது நடக்கிறாள், ஓடுவதில்லை. ஹெப்பகோடியில் தையல் மெஷினில் வேலை. நாம் உட்காருவதே அந்தத் தசை ஒட்டியிருக்கும் எலும்பின் மேல்தான். ஷிப்ட் முடிவதற்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுகிறாள் என்று அவள் அம்மா சொன்னாள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அடிபடுவதற்கு முன்பே இரண்டு காலின் பலத்தையும் பார்த்துவையுங்கள், அப்போது யாரும் உங்களை ஏய்க்க முடியாது. ஆனால் ஸ்டெல்லா ஏய்த்ததை நான் கண்டுபிடித்துவிட்டேனே, என்ன பிரயோஜனம்? ஒருத்தியை ஓடாதே என்று சொல்வதானால், ஓடாமல் அவள் பிழைக்க ஒரு வழியும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்று அந்தக் கட்டிலைச் சுற்றி நின்ற எங்கள் யாரிடமும் அப்படி ஒரு வழி இல்லை.