கட்டிலில் அவர் விட்டுக்கொடுத்த இடம்

இதை நான் கதையாக எழுதவில்லை. நடந்தது. பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், போன வருடம் கார்த்திகை மாதம், பட்டப்பகலில் நடந்தது. பேய் ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துப் பகலில் நிம்மதியாக இருப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். எனக்கொன்றும் நட்டமில்லை.

என் பெயர் ஜெயந்தினி. என் கணவர் விஜிதரன் எலிக்காய்ச்சலில் விழுந்து, பதினேழு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். தொண்டையில் குழாய். மெஷின்தான் அவருக்காக மூச்சு விட்டது. ஒன்பதாம் நாள் டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆனாலும் பிழைத்தார். சாமி புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான், வந்தவர் பழைய மனுஷர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. கஞ்சிக் கோப்பையை என் மேலேயே வீசினார். கண்ணை மூடப் பயந்தார். "என்னைய எதுக்குடி இழுத்துட்டு வந்த?" என்பார். நானும் பொறுமைசாலி இல்லை. பதினேழு நாள் ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடியே தூங்கியவள் நான். எரிச்சலில் ஒருநாள், "அங்கயே கெடந்திருக்கலாம்ல" என்று கத்திவிட்டேன். அதைச் சொன்னதற்காக அன்று முழுக்க அழுதேன். எனக்கு வேண்டியதெல்லாம் அவர் பழையபடி என் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். இப்படிக் கிடந்து எழுந்தவர்களுக்குக் கனவு எது, நிஜம் எது என்று பிரிக்கத் தெரியாதாம். ஒவ்வொரு நாளும் நடந்ததை ஒரு கொப்பியில் எழுதி மெதுவாக வாசித்துக் காட்டினால் பயம் தெளியுமாம். எழுதினேன். பின்னேரத்தில் எல்லோரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருப்பார்கள். லயத்து வீட்டு வரிசையில் எங்களைத் தவிர ஆள் இருக்காது. அப்போதுதான் வாசிப்பேன்.

திங்கட்கிழமை ஒன்பதாம் நாளுக்கு வந்தேன்.

"டாக்டர் என்னைய வெளிய கூப்பிட்டுப் பேசுனாங்க. நீங்க தூங்கிக்கிட்டு இருந்தீங்க."

"தூங்கல."

"மருந்து குடுத்துத் தூங்க வச்சிருந்தாங்க."

"தூங்கலங்கிறேன். அந்தாளு பக்கத்துல உக்காந்திருந்தான்."

"எந்த ஆளு?"

"மூஞ்சி தெரியல. காலு பூரா மண்ணு. ஒனக்கு எடம் ரெடி, எந்திரின்னான்."

சொல்லிவிட்டு அவர் சுவர் ஓரமாக நகர்ந்தார். பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுவது போல நகர்ந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். 3.40.

செவ்வாய்க்கிழமை நான் கொப்பியைத் தொடவே இல்லை. ஆனால் சரியாக 3.40க்கு அவர் நகர்ந்து இடம் விட்டார்.

புதன்கிழமை சத்தம் கேட்டது. லயத்துக்குப் பின்னால் யாரோ மண் வெட்டினார்கள். ணங்... சரக். ணங்... சரக். கதவைத் திறந்தேன். பனி மூடிக் கிடந்தது. ஆள் இல்லை. வெட்டிய மண்ணும் இல்லை.

வியாழக்கிழமை, அவர் விட்ட இடத்தில் மெத்தை அமுங்கியது. என் கண் முன்னால் அமுங்கியது. பிறகு பார்த்தால் விரிப்பின் ஓரத்தில் ஈரச் செம்மண்.

துவைத்துப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இரண்டு பேருக்கும் பைத்தியம் என்பார்கள்.

வெள்ளிக்கிழமை. 3.40.

மெத்தை அமுங்கியது.

அவருடைய வலது கை மேலே எழும்பியது. அவர் தூக்கவில்லை. யாரோ மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார்கள். தோலில் விரல் பதிந்த பள்ளம் தெரிந்தது.

"வாறேன்..." என்றார்.

என் தோளைப் பிடிக்காமல் நிற்க முடியாதவர். தனியாக எழுந்து நின்றார்.

ஒரு அடி.

இன்னொரு அடி...

இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். இழுத்தது. என்னையும் சேர்த்து இழுத்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. பயத்தை விட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

"இவர விடு! ஆளு வேணும்னா வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போ!"

நின்றது.

அவர் கை தொப்பென்று விழுந்தது. என்னை உரசிக்கொண்டு ஏதோ வெளியே போனது. ஈர மண் வாசம்... கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மணி 3.46.

அவரைப் படுக்க வைத்தேன். நான் பிடித்த பிடியை விடவில்லை. ஐந்து மணி வரை அவர் பக்கத்திலேயே கிடந்தேன். அவர் குறட்டை விட்டுத் தூங்கினார். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

5.20க்கு கீழ்ப் பிரிவு லயத்தில் சாவுத் தப்பு அடித்தார்கள். இங்கிருந்து அங்கே நடந்தால் முக்கால் மணி நேரம். என் அண்ணன் செல்லசாமி முகம் வெளுத்துப்போய் வந்தார்.

"மூக்கன் செத்துட்டாரு தங்கச்சி. மயானத்துல விழுந்து கெடந்தாரு."

தோட்டத்தில் யார் செத்தாலும் குழி வெட்டுபவர் மூக்கன். நாற்பத்திரண்டு வயது. ஒரு நோய் கிடையாது.

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மற்றதையும் சொன்னார். "டாக்டர் கைவிட்டுட்டாருன்னு நீ போன்ல அழுத பாரு, அன்னைக்கி மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு. மறுநாள் போயா லீவு, ஆளு கெடைக்காது. குழிய முன்னாடியே வெட்டிருவோம்னு நான்தான் மூக்கன்கிட்ட சொன்னேன். மச்சான் பொழைச்சிட்டாரு. வெட்டுன குழிய சும்மா மூடக் கூடாதுன்னு ஆளுக்குப் பதிலா வாழைக்கட்டைய வச்சு மூடுனோம். ஒன்கிட்ட எப்புடிம்மா சொல்றது?"

மண் இளகியிருக்கிறது என்று மூக்கனை அந்தக் குழி இருந்த அதே இடத்தில்தான் புதைத்தார்கள்.

என் கணவர் தேறிவிட்டார். சாப்பிடுகிறார், சிரிக்கிறார், என் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார். நான் கவனித்துக்கொண்ட விதத்தைத் தோட்டமே மெச்சுகிறது. நான்தான் தூங்குவதில்லை.

மூன்றாம் நாள் கீழ்ப் பிரிவுக்கு நடந்து, மூக்கனின் மனைவி மீனம்மாவிடம் துக்கம் விசாரிக்கப் போனேன். கட்டிப்பிடிக்கக் கை நீட்டினேன். அத்தனை பெண்கள் முன்னாலும் என் கையைத் தட்டிவிட்டாள்.

"வெள்ளிக்கெழம பின்னேரம் சிவனேன்னு தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்த மனுசன். நாலு மணி கூட ஆகல. நீ வாசல்ல வந்து நின்ன. பேர் சொல்லிக் கூப்பிட்ட. எந்திரிச்சு ஒன் பின்னாலயே போனாரு. ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். எதுக்குடி கூப்பிட்ட?"