சீதனக் காரின் ஸ்ரியறிங்கைக் கழற்றிய கதை

சீதனம் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவர் எதைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார் என்று கவனியுங்கள். மாப்பிள்ளையின் தகப்பன் விசுவலிங்கம் ஐயா அதைச் சொன்னபோது நடராசா மாஸ்டரின் மொறிஸ் மைனர் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"காசு, காணி ஒண்டும் வேண்டாம் மாஸ்டர். பிள்ளை நல்ல பிள்ளை, அது காணும். எங்கடை பெடியனுக்குப் பழைய கார் எண்டால் உயிர். உந்தக் காரை மட்டும் குடுத்தியள் எண்டால் சந்தோசம்."

மாஸ்டர் தலையாட்டிவிட்டார். மகள் சுகந்திக்கு வந்த சம்பந்தம் எல்லாம் ஏதோ ஒன்றில் குழம்பிப்போயிருந்தது. இதுவும் குழம்பினால் என்ன செய்வது என்று மனுசனுக்கு நித்திரையில்லை. அந்தக் காரை ஓட்டிக்கொண்டுதான் சுகந்தி தினமும் ஆய்வுகூட வேலைக்குப் போய்வருகிறாள்.

காரின் ஸ்ரியறிங் வளையத்தில் வெடிப்பு விழுந்திருந்தது. மாப்பிள்ளை கஜன் கனடாவிலிருந்து புதிதாக ஒன்று அனுப்பியிருந்தான். கலியாணத்துக்கு முதல் அதைப் பூட்டவேண்டுமாம். கொழும்புத்துறையில் கராஜ் வைத்திருக்கும் என்னை வெள்ளிக்கிழமை காலை வரச் சொன்னார்கள். மாஸ்டர் வீட்டுக்குப் போனால், விசுவலிங்கம் ஐயா பட்டுவேட்டியோடு கார் வாசலில் நிற்கிறார்.

"பத்தரைக்கு இராகுகாலம் தம்பி. அதுக்கு முன்னம் பழசு கழண்டிடவேணும்."

இரும்பில் பிடித்த கறளுக்கு இராகுகாலம் தெரியாது என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

பற்றறி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்ரியறிங்கின் நடுவில் இருக்கும் ஹோர்ண் மூடியைக் கிளப்பினேன். உள்ளே நட்டைக் காணவில்லை. சந்தனம்தான் இருந்தது. மாஸ்டர் வெள்ளி தவறாமல் காருக்குச் சந்தனம் அப்பி, மஞ்சள் தண்ணீர் தெளிப்பவர். அவ்வளவு தண்ணீரும் மூடி வழியே இறங்கியிருக்கிறது. நடுக்கட்டையும் அது ஏறி இருக்கும் தண்டின் பற்களும் கறள் பிடித்து ஒன்றாகிப்போயிருந்தன. பக்தி அவருடையது, வினை என்னுடையது. ஸ்குரூ றைவரால் சந்தனத்தைச் சுரண்டி எடுக்கவே இடுப்பு முறிந்தது.

எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். நட்டை இளக்கி, கடைசி இரண்டு புரியில் விட்டுவிட்டு, வளையத்தை இழுத்தெடுக்கும் புள்ளரைப் பூட்டி இறுக்கினேன். இறுக்குவது, சுத்தியலால் தட்டுவது, மறுபடி இறுக்குவது. இதுதான் முறை. பொறுமை இல்லாதவனுக்கு இந்த வேலை சரிவராது.

"நட்டை ஏன் அரைகுறையிலை விட்டிருக்கிறீர்?" என்றார் விசுவலிங்கம் ஐயா.

"அது கிடக்கட்டும் ஐயா. ஸ்ரியறிங் திடீரெண்டு பாய்ஞ்சால் நட்டுத்தான் மறிக்கும்."

"நல்ல காரியத்திலை அரைகுறை கூடாது. சகுனப்பிழை. முழுக்கக் கழட்டும்."

"முழுக்கக் கழட்டினால் சகுனம் சரிவரும். முகம் தப்பாது ஐயா."

அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் புள்ளரின் போல்ட் வளைந்தது. புள்ளரைக் கழற்றிக்கொண்டு, வேறு போல்ட் எடுக்க வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் நின்ற என் வான் வண்டிக்குப் போனேன்.

திரும்பி வந்தால் விசுவலிங்கம் ஐயா றைவர் சீற்றில் இருக்கிறார். நட்டு அவர் மடியில். சுகந்தி பக்கத்தில் நின்று கைத்தொலைபேசியில் கஜனுக்கு எல்லாவற்றையும் நேரடியாகக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஐயா, விடுங்கோ! இழுக்காதேங்கோ!" என்று கத்தினேன்.

"முருகா!" என்று இரண்டு கையாலும் இழுத்தார். புள்ளர் ஏற்கெனவே முக்கால்வாசி வேலையை முடித்திருந்தது. டக்கென்று வளையம் கழன்று நேரே வாயில் அடித்தது. உதடு கிழிந்து, முன்பல் ஒன்று ஆடியது. பட்டுவேட்டி முழுக்க இரத்தம். மாஸ்டர் ஓடிப்போய் ஐஸ்கட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார்.

தொலைபேசியில் கஜனின் குரல் கேட்டது. "ஐயோ, என்ன நடந்தது? டாஷ்போட்டிலை கீறல் விழுந்திட்டுதோ? கிட்டக் காட்டும்!"

"உங்கடை அப்பான்ரை வாயைப் பாரும் முதல்," என்றாள் சுகந்தி.

"அது மாறிடும். நீர் காரைக் காட்டும்."

சுகந்தி காரைக் காட்டவில்லை. தன் முகத்தைக் காட்டினாள்.

"கஜன், ஒண்டு கேக்கிறன், நேராய்ச் சொல்லும். கார் எங்கடை வீட்டிலைதான் நிக்கும். கார் இல்லாமல் என்னைக் கட்டுவீரோ?"

"பிள்ளை, அவசரப்படாதை," என்றார் மாஸ்டர்.

"அது... அப்பாட்டைக் கேட்டுத்தான் சொல்லவேணும்," என்று கனடாவிலிருந்து பதில் வந்தது.

"உங்கடை அப்பா இஞ்சைதான் இருக்கிறார்." தொலைபேசியை அவர் பக்கம் திருப்பினாள்.

காலையிலிருந்து ஓயாமல் கதைத்த மனுசனால் இப்போது ஒரு சொல்லும் சொல்ல முடியவில்லை. ஆனால் தலைக்கு ஒன்றும் நடக்கவில்லையே. துவாயை வாயில் பொத்தியபடி, தலையை இடமும் வலமுமாக நன்றாக ஆட்டினார்.

"கண்டீரோ? சொல்லிப்போட்டார்." சுகந்தி தொலைபேசியை நிறுத்தினாள்.

மாஸ்டர் வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டார். "ஐயோ பிள்ளை, இனி என்ன செய்யிறது?"

"முதல் ஐயாவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம் அப்பா. தையல் போடவேணும். அண்ணை, அந்தப் பழைய ஸ்ரியறிங்கையே திருப்பிப் பூட்டுங்கோ." காலையில் விசுவலிங்கம் ஐயாவை மாமா என்று கூப்பிட்டவள் அவள்.

தண்டின் பற்களைத் துடைத்து, கிறீஸ் பூசி, நேராகப் பார்த்துப் பூட்டி, பற்றறி வயரையும் மாட்டினேன். விசுவலிங்கம் ஐயாவைப் பின்சீற்றில் ஏற்றினோம். அவர் ஆசைப்பட்ட காரில் அவர் போனது அந்த ஒரு தடவைதான். சுகந்தி நிதானமாகப் பின்னால் எடுத்து, ஒழுங்கையால் திருப்பிக்கொண்டு போனாள். மாஸ்டரைப் பார்க்கப் பாவமாய் இருந்தது. அவளைப் பார்க்கப் பெருமையாய் இருந்தது. இரண்டையும் மறைக்க எனக்குத் தெரியவில்லை.

தொழில் பழகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: வேலை முடியுமட்டும் றைவர் சீற்றில் கண்டவரையும் இருக்க விடாதீர்கள். சுகந்திக்கு அதை ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவைப்படவில்லை.