ஐஸ் கம்பெனியை நிற்கவிடாத நிஜாமுதீன் சார்

தெரியாத நம்பர். கடன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணாக்கும் என நினைத்து, "லோனும் வேணாம், ஒண்ணும் வேணாம், போனை வைம்மா" என்று சீறிவிட்டேன். "நான் நிஜாமுதீன் மக பேசுறேங்க. அத்தா காலையில மௌத்தாயிட்டாங்க." அவர் இறந்த செய்திக்கா இப்படிச் சீறினோம் என்று எனக்குக் காது சுட்டது.

ஜெகதாப்பட்டினம் துறைமுகத்து ஐஸ் கம்பெனி கடனில் நொடித்தபோது, திவால் வழக்கை விசாரித்த தீர்ப்பாயம் அதன் நிர்வாகத்தை நிஜாமுதீன் சாரிடம்தான் ஒப்படைத்தது. திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் நின்ற முதல் ஆள் மோட்டார் மெக்கானிக்கான நான், லாரியோடு. கடனுக்குக் கொடுத்த மோட்டாரைக் கழற்றிப்போக வந்திருந்தேன். என் மகளின் நர்சிங் காலேஜ் பீஸ் அதற்குள் மாட்டிக்கிடந்தது.

"கேஸ் முடியிற வரைக்கும் யாரும் எதையும் தூக்கக் கூடாதுங்க. பேங்க்கே தூக்க முடியாது" என்றார்.

"பேங்குக்கு மக இருக்கா சார்?"

சிரித்துவிட்டார். "இல்லதான். ஆனா இது நின்னா ஐஸ் இல்ல, ஐஸ் இல்லன்னா மீன்பிடி போட்டு கடலுக்குப் போகாது. ஓடாத கம்பெனிய எவன் வாங்குவான்? பழைய பாக்கிக்கு மனு குடுங்க. இன்னிலேருந்து பாக்குற வேலைக்கு வாராவாரம் காசு. அது பழைய பாக்கி எல்லாத்துக்கும் முந்தி."

லாரிக்காரர் டீ குடித்து முடிப்பதற்குள், நான் மோட்டாரைத் திறந்து கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் வகுப்புப் படிப்பை நம்பி மனுவை நானே எழுதினேன். லாரி வாடகையையும் டீச் செலவையும் அதில் சேர்த்திருந்தேன். "எங்கிட்ட சண்டைக்கு வந்த லாரிக்கு நானே வாடகை தரணுமாக்கும்?" என்று ஒரே கோடாக அடித்தார். பிறகு பழைய பில்களைப் புரட்டி, நான் மறந்துபோன ஒன்றை எடுத்து நீட்டினார். "அதிகமா கேட்டத வெட்டுறது மட்டும் இல்லங்க, விட்டதச் சொல்றதும் என் வேலதான்."

கம்பெனிக்குக் கடன் கொடுத்து, அதன் முடிவில் ஓட்டுப் போடும் உரிமை வைத்திருந்த வங்கிகளோ, அதை மூடிவிட்டு நிலத்தை விற்கலாம் என்றன. அவர்களிடம் தினசரி ஐஸ் விற்பனையை எடுத்து வைத்துவிட்டு அவர் சொன்னதைத் துறைமுகத்தில் இன்றும் சொல்கிறார்கள்: "சட்டம் நாடி புடிச்சுப் பாக்கச் சொல்லுது சார், பாடை கட்டச் சொல்லல." கம்பெனியை ஓடும் நிலையிலேயே வேறொருவர் வாங்கினார். இன்றும் ஓடுகிறது.

எனக்குப் பாக்கி வைப்பவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் "தொழில் ஓடுதா?" என்றுதான் கேட்கிறேன். அந்தக் கேள்வி அவருடையது.

கடைசி நாளில் என் பழைய பாக்கிக்கு வந்தது பாதிக்கும் குறைவு. "முழுசா வாங்கித் தர முடியலைங்க, மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார். "என்னத்த சார் செய்யிறது" என்று முகத்தைத் தொங்கப்போட்டேன். வாராவாரக் கூலியிலேயே பீஸ் முழுவதும் கட்டியாகியிருந்தது. சந்தோஷத்தைக் காட்டினால் வருகிற பங்கிலும் குறைத்துவிடுவார்களோ என்று பயம். அவர் அந்த வருத்தத்தோடே பஸ் ஏறினார்.

"எனக்கு ஒரு குறையும் வைக்கல சார்." இதை நான் அவரிடம் சொல்லவே இல்லை.