நாற்பது மீட்டரை ஐம்பது என்று எழுதிய நாள்

கண்ணுகளா, அப்பாவுக்கு மண் தோண்டுகிற வேலை என்று சொல்ல நீங்கள் கூச்சப்படுவது எனக்குத் தெரியும். அது என்ன வேலை என்று நானும் ஒழுங்காகச் சொன்னதில்லை.

நம் கல்கத்தாவுக்கு அடியில் வெகு ஆழத்துக்கு வண்டல்தான். அதற்கும் கீழே பாறை எங்காவது பிளந்து நகர்ந்திருந்தால் மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆனால் பூமிக்குள் எப்போதும் துளி மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பிளவு இருக்கும் இடத்தில் அது ஓடும் விதம் மாறும். அதை அளக்க, வயலில் நாலு திசையிலும் அந்த மின்சாரத்தைப் பிடிக்கிற சின்னச் சட்டிகளை உப்புச் சேற்றில் புதைத்து, கேபிள் இழுத்து, நடுவில் பதிவுப் பெட்டியை வைப்போம். எதிரெதிர்ச் சட்டிகளுக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று நோட்டில் எழுதுவதும் என் பொறுப்பு. பெட்டியில் பதிவானதை அந்தத் தூரத்தால் வகுத்துத்தான் கணக்குப் போடுவார்கள்; தூரம் தப்பினால் எல்லாம் தப்பும்.

ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண்ணுக்காக இதைச் செய்துவந்தேன். என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் எனக்கு அவர் திதி, அதாவது அக்கா; அவருக்கு நான் தாதா, அண்ணன். ஒருநாள் சந்தேஷ் மிட்டாய்ப் பெட்டியோடு நம் வீட்டுக்கு வந்தார்.

"தாதா, பிளவு கிடைச்சிடுச்சு. வந்து பாருங்க."

அவர் கொண்டுவந்த லேப்டாப்பில் சீராக வந்த கோடு ஓரிடத்தில் சட்டென்று இறங்கியிருந்தது. எந்த இடம் என்று கேட்டேன். குளத்தங்கரை வயல் என்றார்.

கையிலிருந்த சந்தேஷைக் கீழே வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். அங்கே குளம் குறுக்கிட்டதால் நாற்பது மீட்டர்தான் இழுத்திருந்தேன். தினமும் எழுதுகிற பழக்கத்தில் கை ஐம்பது என்று எழுதிவிட்டது. சொன்னால் அவருடைய சந்தோஷம் போகும், என் வேலையும் போகலாம். சொல்லாவிட்டால் இல்லாத பிளவு ஒன்று வரைபடத்தில் ஏறிவிடும். நாளைக்கு அங்கே வீடு கட்டுகிறவன் அதை நம்பிப் பயப்படுவான்.

"திதி, அங்கே நாற்பதுதான். நான் தப்பா எழுதிட்டேன்."

அவர் எண்ணை மாற்றினார். இறங்கியிருந்த கோடு மேலே ஏறிப் மற்ற இடங்களின் மட்டத்தோடு சேர்ந்துகொண்டது.

"போச்சா?" என்றேன்.

"போச்சு." கண் கலங்கியிருந்தது. "ஊரெல்லாம் நான் சொன்னப்புறம் வந்து சொல்லியிருந்தீங்கன்னா, உங்களை அந்தக் குளத்துலயே தள்ளியிருப்பேன்."

அவர் பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க தாதா. சந்தேஷாவது நிஜம். நாளைக்குக் குளத்துக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்ப்போம்."

போய்ப் பார்ப்போம் என்றாரே, அதில் நானும் இருந்தேன்.

அவர் கிளம்பிய பிறகு கேபிளை வராந்தாவில் மடக்கி மடக்கி விரித்தேன். அளந்து, பத்து மீட்டருக்கு ஒரு இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து அளந்தேன்.