மலைப்பாதையில் கைமாறிய கத்தி

பேய், பிசாசு என்று எவனாவது வாயைத் திறந்தால் என் கடையில் அவனுக்கு டீ கிடையாது. சின்னமனூரில் எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும், அதாவது செம்புக் கம்பி சுற்றும் கடை வைத்திருக்கிறேன். சுடுகாட்டை ஒட்டின கிணற்றில் தனியாக இறங்கி மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றியவன் நான், அங்கே பாம்பைப் பார்த்திருக்கிறேன், செத்த நாயைப் பார்த்திருக்கிறேன், வேறு ஒரு மண்ணும் பார்த்ததில்லை. சாமி கும்பிடுவதுகூட வீட்டுக்காரி முறைப்பாளே என்றுதான். இதையெல்லாம் ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், இனிமேல் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு இந்த ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைப்பீர்கள். தாராளமாக நினைத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் வரைக்கும் நானும் உங்கள் கட்சிதான்.

என் தங்கச்சி ரேவதியைக் கட்டியவர் பாண்டி. மார்க்கையன்கோட்டைக்காரர், தேனியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலை. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, கொஞ்சம் நடங்கள் என்று டாக்டர் சொல்லப்போய், மனுஷன் நடையிலிருந்து மலைக்குத் தாவிவிட்டார். மலை ஏற முதலில் நல்ல செருப்பு வேண்டும் என்பேன் நான், அவருக்கோ கத்தி வேண்டும். எவனோ வெள்ளைக்காரன் காட்டுக்குள் ஒற்றைக் கத்தியை வைத்துக்கொண்டு குச்சி சீவி, நெருப்பு மூட்டி, மீன் சுட்டுத் தின்பதையே போனில் பார்த்துக்கொண்டிருந்தால் வேறு என்ன கேட்கத் தோன்றும். ஆன்லைனில் ஒன்றை வாங்கினார். கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், கைப்பிடி அடியில் ஒரு திசைகாட்டி வேறு. என் கடை வாசலில் விறகு ஒன்றின் மேல் வைத்துத் தட்டினார், கைப்பிடி தனியே, கத்தி தனியே. உள்ளே பார்த்தால் பென்சில் மொத்தத்துக்கு ஒரு கம்பிதான் போயிருக்கிறது.

"இத வச்சு மாங்கா சீவக்கூட ஆகாது மாப்ள," என்றேன்.

அவர் முகம் சுருங்கிப்போனது. எனக்குச் சட்டென்று கோபம் வரும், அதே வேகத்தில் பாவமும் வந்துவிடும். நானே ஒன்று செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். கத்தி விஷயத்தில் என் கணக்கு வேறு. அலகு உள்ளங்கை நீளத்தைத் தாண்ட வேண்டாம், முதுகு கனமாக இருக்க வேண்டும், இரும்பு கைப்பிடியின் கடைசி வரைக்கும் ஒரே துண்டாக ஓட வேண்டும், ரம்பம் கிம்பம் எல்லாம் சினிமாவுக்கு. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு வெட்டி, கிரைண்டரில் பிடித்து, தண்ணீரில் முக்கி முக்கி எடுத்தேன். அவசரப்பட்டு சூடேற்றினால் விளிம்பு நீலம் பாய்ந்து பதம் போய்விடும். கைப்பிடிக்கு இரண்டு பக்கமும் புளியங்கட்டை. உடனே புளிய மரத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், அது ஒரு கறிக்கடையில் வருஷக்கணக்காகக் கறிக்கட்டையாகக் கிடந்த கட்டை. கழுத்தில் மட்டும் காயில் கட்டும் செம்புக் கம்பியைச் சுற்றினேன், பிடி வழுக்காது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

தோல் உறையை பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்து, நானே பக்கத்தில் நின்று தைத்து வாங்கினேன். வலது இடுப்புக்கு அளவெடுத்துத் தைத்தது. உட்காரும்போது வயிற்றில் குத்தாதபடி கொஞ்சம் இறங்கித் தொங்கும், பெல்ட்டைக் கழற்றினால்தான் உறை வெளியே வரும், இடது பக்கம் மாட்டினால் கத்தி முதுகுப் பக்கம் திரும்பிவிடும். எல்லாம் முடிந்ததும் கத்தியை மேஜையில் வைத்து, "எடுத்துக்கங்க மாப்ள," என்றேன்.

"ஏன் மச்சான், கையில குடுத்தா சண்ட வந்துருமோ?" என்று சிரித்தார்.

எங்கள் பக்கம் கத்தி, உப்பு, மிளகாய் மூன்றையும் கையில் கொடுக்க மாட்டோம், கீழே வைப்போம், வாங்குகிறவர் எடுத்துக்கொள்வார். எனக்கு அதில் நம்பிக்கை ஒன்றும் கிடையாது, பழகிவிட்டது, அவ்வளவுதான். கடையில் ஸ்க்ரூ டிரைவரைக்கூட அப்படித்தான் வைப்பேன். "பஸ்ல போகையில இடுப்புல கட்டாதீக, பைக்குள்ள போடுங்க, போலீஸ்காரன் கேட்டா எம் பேரச் சொல்லாதீக," என்று அனுப்பிவைத்தேன்.

ரேவதி அப்போது மாசமாக இருந்தாள். பிள்ளைத்தாச்சியின் புருஷன் மலை ஏறக் கூடாது என்று எங்கள் அம்மா ஒரே சத்தம். மாப்பிள்ளை காதிலேயே வாங்கவில்லை. கடைசியில் ரேவதிதான் எனக்குப் போன் போட்டாள். "அவுக சொன்னாக் கேக்க மாட்டாகண்ணே. நீயும் கூடப் போ. முழுசாக் கூட்டியாந்து வீட்ல விட்ரு, அது போதும் எனக்கு." அவளுக்காகத்தான் நான் போனேன், இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மலையில் எனக்கு என்ன வேலை.

தேவாரம் ஊருக்கு மேற்கே ஒரு பழைய நடைபாதை ஏறுகிறது. மேலே கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள்கள் நடந்தே வேலைக்குப் போய்வந்த பாதை, இப்போது எல்லாரும் ஜீப்பில் சுற்றிப் போகிறார்கள். ஐப்பசி மாதம், அனுமதி வாங்கிக்கொண்டு காலையில் ஏறினோம். மாப்பிள்ளை புது ஷூவைப் போட்டுக்கொண்டு பத்தடிக்கு ஒரு தரம் வழுக்கினார். கத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். மத்தியானம் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஈரக் குச்சியின் தோலைச் சீவி உள்ளே இருக்கிற காய்ந்த பகுதியைச் சுருள் சுருளாக எடுத்து, தீ மூட்டி, பால் விடாத கட்டங்காப்பி வைத்துக் கொடுத்தார். நன்றாகவே இருந்தது, ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே மேகம் இறங்கிவிட்டது. எதிரே இருக்கிற மரம் தெரியவில்லை. பொசபொசவென்று தூறல். அப்போதுதான் மேலே இருந்து ஒருவர் இறங்கி வந்தார். என் வயதுதான் இருக்கும், மடித்துக் கட்டின கைலி, வெறுங்கால், முதுகில் ஒரு சாக்கு மூட்டை, அதை நெஞ்சோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"கத்தி இருந்தாக் குடுங்க. கட்டு இறுகிப் போச்சு, அவுக்க முடியல," என்றார். பேச்சில் கொஞ்சம் மலையாள வாடை. "வீட்ல பச்சப்புள்ள கெடக்கு. வெரசாப் போகணும்."

மாப்பிள்ளை பக்கத்தில் கிடந்த கத்தியை நான் எடுத்து வழக்கம்போலப் பாறையில் வைத்து, "எடுத்துக்கங்க," என்றேன். அவர் எடுக்கவில்லை.

"குனிய முடியாது. கையில குடுங்க."

நியாயமான பேச்சுதான். மூட்டையோடு எப்படிக் குனிவார்? "நில்லுங்க, நானே அறுத்து விடுறேன்," என்று கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்து போனேன். நான் ஒரு எட்டு வைத்தால் அவர் ஒரு எட்டு பின்னால் போகிறார். இன்னொரு எட்டு வைத்தேன், அவரும் வைத்தார். பின்பக்கம் பார்க்காமல், அந்தக் கரடுமுரடில், கால் தடுக்காமல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அறுக்கணுமா வேணாமா? என்னய்யா வெளாட்டு இது?" என்று கத்தினேன். அவர் எங்களைத் தாண்டிக் கீழே இறங்கி மேகத்துக்குள் போய்விட்டார். தாண்டிப் போகும்போது ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம், அவருடைய சாக்கு காய்ந்து கிடந்தது.

மழை வலுக்கும் போலிருந்தது, இறங்கிவிடலாம் என்றேன். மாப்பிள்ளை கேட்கவில்லை, பாதை மலையைத் தாண்டுகிற மெட்டு பக்கத்தில்தான், பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்றார். கத்தியை உறையில் சொருகிக்கொண்டு அவர் முன்னால் நடந்தார். இரண்டு வளைவுதான் ஏறியிருப்போம். மேலே இருந்து அதே ஆள் இறங்கி வருகிறார். அதே கைலி, அதே மூட்டை. சத்தியமாகச் சொல்கிறேன், கீழே போனவர் எங்களைத் தாண்டி மேலே ஏற அந்தப் பாதையில் வேறு வழியே கிடையாது.

"கத்தி குடுங்க. கையில குடுங்க," என்றார். "வீட்ல பச்சப்புள்ள கெடக்கு."

"மாப்ள, குடுக்காதீக," என்றேன்.

"பாவம் மச்சான், சுமையோட நிக்கிறாரு," என்று சொல்லிக்கொண்டே அவர் உறையிலிருந்து கத்தியை உருவி, கைப்பிடியை முன்னால் நீட்டி, அந்த ஆளின் கையில் கொடுத்துவிட்டார். அவர் இடது கையால் வாங்கினார். அதுவரைதான் பார்த்தேன். மேகம் வந்து மூடிவிட்டது. என் கையே எனக்குத் தெரியவில்லை. கயிறு அறுபடும் சத்தம் மட்டும் கேட்டது, அதற்குப் பிறகு ஒருவர் பெருமூச்சு விடுகிற சத்தம்.

"மாப்ள! ஏ மாப்ள! பாண்டி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். தவழ்ந்து போய்த் தடவிப் பார்த்தேன், கையில் ஒரு கயிறுதான் சிக்கியது, கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தேன். பாசி பிடித்து, தொட்டால் உதிர்கிற பழைய நார்க்கயிறு. வெட்டின இடம் மட்டும் புதுசாக வெள்ளையாக இருந்தது. ரேவதி முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லை. அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

மேகம் விலகினபோது மேலே இருந்து மாப்பிள்ளை இறங்கி வந்தார். "வாங்க மச்சான், வெரசாப் போகணும்," என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார். ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன், சூடாகத்தான் இருந்தது, அப்பாடா என்று இருந்தது எனக்கு. அந்த ஆள் எங்கே என்று கேட்டேன், எந்த ஆள் என்றார். ஏறும்போது பத்தடிக்கு ஒரு தரம் வழுக்கினவர், அந்த ஈரத்தில், பொழுது மசங்குகிற நேரத்தில், காலடியைப் பார்க்காமலேயே கடகடவென்று இறங்குகிறார். எந்த வளைவில் எந்தக் கல் ஆடும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. கத்தி இடுப்பில் இருந்தது. இடது இடுப்பில்.

"ஏன் மாப்ள இந்தப் பக்கம் மாத்துனீக?"

"எப்பவும் இங்கனதான மச்சான்," என்றார்.

தேவாரத்தில் பஸ் ஏறி, வீட்டில் கொண்டுபோய் விட்டேன். ரேவதி வாசலுக்கே ஓடி வந்தாள். அவர் அவளை ஊருக்குப் புதுசாக வந்தவர் பார்க்கிற மாதிரி பார்த்தார். அதற்கு மேல் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. போன் பார்ப்பது நின்றுபோனது. மலைப் பேச்சே இல்லை. வீட்டு வேலை அத்தனையும் செய்கிறார், ஆபீசிலும் நல்ல பேர்தான். ரேவதி அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள். நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன், மலைக் காற்றில் எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று.

தை மாதம் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். நர்ஸ் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை துணியை விலக்கி முகத்தைப் பார்த்தார், பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"அப்படியேதான் இருக்கா," என்றார். "இத்தன வருசத்துல கொஞ்சங்கூட வளரவே இல்லயே."

நர்ஸ் சிரித்துவிட்டார். கட்டிலில் படுத்திருந்த ரேவதியும் சிரித்தாள். "சந்தோசத்துல என்ன பேசுறோம்னே தெரியல அவுகளுக்கு. பாருண்ணே." நானும் சிரித்துவைத்தேன். வெளியே வந்து குழாயடியில் முகத்தைக் கழுவினேன்.

அதோடு விட்டிருந்தால் இன்றைக்கு இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன். போன மாதம் தேவாரம் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் மோட்டார் கொண்டுவந்தார். காயில் கட்டுகிற வரைக்கும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தவர், தன்னிடம் வேலை பார்க்கிற பெண்கள் அந்த மலைப்பாதைப் பக்கம் விறகுக்குப் போக மாட்டேன் என்கிறார்கள் என்று அலுத்துக்கொண்டார். மேகம் இறங்கினால் முதுகில் மூட்டையோடு ஒரு ஆள் வந்து நிற்கிறானாம்.

"கைலி கட்டுன ஆளா?" என்று கேட்டேன்.

"கைலி எங்க கட்டிருக்காரு? டவுன் ஆளு மாதிரி பேன்ட்டு, புது ஷூவாம். கத்தி இருந்தாக் குடுங்க, வீட்ல மாசமா இருக்கா, வெரசாப் போகணும்னு கெஞ்சுறாராம். பொம்பளைக அருவாளக் கீழ போட்டுட்டு ஓடியாந்துட்டாக. அத அவரு எடுக்கவே இல்லயாம்."

மோட்டாரை முடித்துக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன். என்னிடமும் ஒரு கத்தி இருக்கிறது, பாதையும் தெரியும், இங்கிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் அந்த இடத்துக்குப் போய்விடலாம். ரேவதி கேட்டது அவள் புருஷனை முழுசாகக் கூட்டிவரச் சொல்லித்தான், அது எனக்கு மறக்கவில்லை. ஆனால் போனால் கத்தியை அவர் கையில் அல்லவா கொடுக்க வேண்டும். எனக்கும் பெண்டாட்டி, பிள்ளை இருக்கிறார்கள்.